ஓசூரிலிருந்து வெளிநாட்டுக்கு லைசென்ஸ் துப்பாக்கி: முதல் அறுபது கிலோமீட்டரில் மாட்டாமல் போக

துப்பாக்கியோடு வெளிநாடு போகிறவர்கள் முதலில் கேட்பது, "அந்த நாட்டில் விடுவார்களா?" என்றுதான். விடுவார்கள். அமெரிக்கா, கனடா, தென்னாப்பிரிக்கா எல்லாவற்றிலும் அதற்கென்று எழுதிவைத்த முறை இருக்கிறது. படிவம் சரியாக இருந்தால் வேலை நடந்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர் மாட்டுகிற இடம் வேறு. அது ஜூஜூவாடி தாண்டி, கர்நாடகம் தொடங்கும் அத்திப்பள்ளியில். அதாவது முதல் அறுபது கிலோமீட்டருக்குள்.

காரணம் லைசென்ஸில் ஒரு வரி. உரிமம் எந்தப் பகுதிவரை செல்லும் என்பது அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் மாவட்டம் மட்டும், தமிழ்நாடு முழுவதும், இந்தியா முழுவதும் என்று மூன்றில் ஒன்று. நம் பக்கம் பயிர்க் காவலுக்கோ தற்காப்புக்கோ வாங்கிய பெரும்பாலான உரிமங்கள் மாவட்டத்துக்கோ தமிழ்நாட்டுக்கோதான் செல்லும். பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையம் ஓசூருக்கு எவ்வளவு பக்கமாக இருந்தாலும் அது கர்நாடகம். தமிழ்நாட்டு எல்லையோடு நிற்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியைத் தாண்டினால், பெட்டிக்குள் பூட்டிய துப்பாக்கியும் உரிமமில்லாத துப்பாக்கிதான். ஆயுதச் சட்டம் 25ஆவது பிரிவின்படி உரிமமில்லாமல் வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. விமான டிக்கெட் கையில் இருப்பது இதற்குப் பதிலாகாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கலெக்டர் ஆபீஸ் வழியாக மனுக் கொடுத்து உரிமத்தின் பகுதியை விரிவாக்குவது, அல்லது அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் அனுமதி கேட்பது. மனுவில் புறப்படும் தேதி, திரும்பும் தேதி, சாலை வழி, விமான நிலையம், துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். பொதுவாக "வெளிநாடு செல்ல" என்று எழுதினால் விவரம் கேட்டுத் திரும்பி வரும். இரண்டாவது வழி, பெங்களூரை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போவது. ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம் என்று சுமார் 300 கிலோமீட்டர் முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் சாலை. தமிழ்நாடு முழுவதும் செல்லும் உரிமம் இருந்தால் இந்த வழியில் மாநில எல்லைப் பிரச்சினையே இல்லை. பயணத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும்தான். ஆனால் எல்லை அனுமதிக்காக இரண்டு மாதம் அலைவதோடு ஒப்பிட்டால், எங்களைக் கேட்டால் சென்னைதான். மாவட்டத்துக்கு மட்டும் உள்ள உரிமம் என்றால் இதுவும் உதவாது. திருப்பத்தூர் மாவட்ட எல்லையிலேயே முடிந்துவிடும்.

இன்னொரு எல்லை பலர் கண்ணில் படுவதில்லை. அது காட்டு எல்லை. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்கள் பலவும் இவற்றின் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்துவிட்டன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34ஆவது பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் ஆயுத உரிமதாரர் தம் பெயரைத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அந்தச் சுற்றளவுக்குள் புதிய உரிமம் என்றால் அவருடைய முன் இசைவு வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு புதுப்பிப்பதையும் அவருக்குத் தெரிவித்த பிறகே செய்ய முடியும். தாத்தா காலத்திலிருந்து வைத்திருக்கிறோம், எங்களுக்கு எதற்கு இது என்று விட்டவர்களுக்குப் புதுப்பிக்கும்போது கோப்பு நின்றுபோகிறது. பயணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது நின்றால் சமாளிக்கலாம். மூன்று வாரம் இருக்கும்போது நின்றால் ஒன்றும் செய்ய முடியாது.

அதே சட்டத்தின் 31ஆவது பிரிவு, முன்கூட்டி எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகும் சாலை காட்டு வழி. பெட்டியில் பூட்டிய துப்பாக்கி என்று சொல்லி அந்தப் பக்கம் வண்டியை ஓட்டாதீர்கள். சுற்றுவழி இருந்தால் சுற்றிப் போங்கள். வீடே காட்டுக்குள் இருந்தால் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடமோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

எந்தத் துப்பாக்கி போகும், எது போகாது என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி விமானத்தில் போகும் சாமானல்ல. இரும்பு போகலாம், அதற்கு வேண்டிய கருமருந்தும் மூட்டும் கேப்பும் எந்தப் பயணப் பையிலும் வைக்கக் கூடாத வெடிபொருள்கள். உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி இந்தக் கட்டுரையில் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: போலீஸார் அவ்வப்போது ஒப்படைக்க வாய்ப்புக் கொடுக்கிறார்கள், அப்போது ஒப்படைத்துவிடுங்கள்.

பன்னிரண்டு போர் (போர் என்பது குழலின் விட்ட அளவு) இரட்டைக்குழல் பெரும்பாலான நாடுகளில் சிக்கலில்லாதது. உலகம் முழுக்கத் தோட்டா கிடைக்கும். ஆனால் பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குழலின் அடியில் பாருங்கள். அவற்றில் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டிய அறை கொண்டவை. இன்று கடையில் கேட்டால் கொடுப்பது 70 மில்லிமீட்டர். வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது உள்ளே போய்விடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அளவு தெரியாமல் அங்கே போய்த் தோட்டா வாங்கக் கூடாது. அடுத்தது .315 ரைஃபிள். மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்த இது நம் நாட்டில் பரவலான உரிம ரைஃபிள். ஆனால் அதன் தோட்டாவை வெளிநாட்டுக் கடைகளில் எதிர்பார்க்க முடியாது. எடுத்துப்போவது தீர்ந்தால் அவ்வளவுதான்.

இப்போது காகிதம். வெளிநாடு போகும் துப்பாக்கிக்கு எத்தனை காகிதம் இருந்தாலும் எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில்: இரும்பில் இருக்கும் எண்ணும், உரிமத்தில் இருக்கும் எண்ணும், படிவத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா? பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆளும் உரிமத்தில் இருக்கும் ஆளும் ஒருவரா? நம் ஊர் உரிமங்களில் இந்த இரண்டும் பிசகும் விதங்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றேதான்.

எண்ணை முதலில் பார்ப்போம். இரட்டைக்குழலைக் கழற்றி, குழலின் அடியிலும், குழல் உட்காரும் தட்டையான இரும்பிலும், முன்கட்டையின் இரும்பிலும் பாருங்கள். மூன்று இடத்திலும் எண் இருக்கலாம். குழல் மாற்றிய துப்பாக்கியில் மூன்றும் ஒன்றாக இருக்காது. உரிமத்தில் ஏறியிருப்பது எது என்று பார்த்து, எல்லாப் படிவத்திலும் அதையே எழுத வேண்டும். கையால் எழுதிய பழைய புத்தகங்களில் 8 என்பது பி ஆகவும், 1 என்பது ஐ ஆகவும், பூஜ்யம் ஓ ஆகவும் மாறியிருப்பது சகஜம். எண்ணெய் விட்டுத் துடைத்து, சாய்த்து விளக்கடித்துப் படம் எடுத்துப் பார்த்தால் தெளிவாகும். எண் தேய்ந்திருந்தால் பட்டறையில் கொடுத்து நீங்களாக வெட்டிக்கொள்ளாதீர்கள். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டம் 8ஆவது பிரிவின்படி குற்றம். உரிமம் கொடுத்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்லும் முறையில்தான் சரிசெய்ய வேண்டும்.

பெயர் இதைவிடத் தொல்லை. உரிமத்தில் "கே. முருகேசன்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். நம் ஆட்களுக்கு இது இன்ஷியல் என்று தெரியும். டொராண்டோவில் சுங்க அலுவலருக்கு இது இரண்டு ஆள். புதுப்பிக்கும் சமயத்தில் பாஸ்போர்ட் நகலைச் சேர்த்து, பாஸ்போர்ட்டில் இருக்கும்படியே ஆங்கிலப் பெயரை ஏற்றித் தரும்படி கேளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம். தமிழில் எழுதிய பழைய உரிமப் புத்தகம் என்றால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

மூன்றாவது பிசகு நம் மாவட்டங்களுக்கே உரியது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்தும் பிரிந்தன. பர்கூர்க்காரர் கையில் தருமபுரி கலெக்டர் முத்திரையோடு உரிமம் இருக்கும். அவர் கோப்பு இருக்க வேண்டிய இடம் கிருஷ்ணகிரி. தேன்கனிக்கோட்டை வட்டத்திலிருந்து அஞ்செட்டி பிரிந்தது போல வட்டங்களும் மாறியிருக்கின்றன. முகவரி பழைய வட்டத்தில், ஆதார் புது வட்டத்தில். உரிமம் புதுப்பிக்கப்பட்டுத் தனி அடையாள எண்ணும் வாங்கியிருந்தால் பெரும்பாலும் இது சரியாகியிருக்கும். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றித் தரப்படும் அந்த எண் இல்லாத பழைய உரிமம் 2020 ஜூன் 29க்குப் பிறகு செல்லாது. புத்தகத்தில் அந்த எண் இல்லையென்றால் வெளிநாட்டுப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள்.

உரிமத்தின் காலம் 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி இரண்டு. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது உரிமம் முடிந்தால், திரும்பி இறங்கும் நிமிடத்தில் கையில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம். திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் நாட்காட்டியையும் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு நடத்தை விதி மார்ச் 16இல் தொடங்கி ஜூன் 6 வரை இருந்தது. அந்த நாட்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒப்படைத்த துப்பாக்கியைப் பயணத்துக்காக வெளியே எடுப்பது லேசில் நடக்காது. நீங்கள் ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும்போது ஒப்படைக்கும் உத்தரவு வந்தால், சுங்கச் சான்றின் நகலோடு உங்கள் காவல் நிலையத்துக்கு வீட்டார் மூலம் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். புறப்படும்போதே அந்த நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போவது இதற்காகத்தான்.

நாட்டை விட்டு வெளியேறும் இடத்தில் சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆயுதச் சட்டம் 10ஆவது பிரிவு, சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியையும் தோட்டாவையும் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் தனி ஏற்றுமதி உரிமம் இல்லாமலே வெளியே கொண்டுபோகவும் உள்ளே கொண்டுவரவும் விடுகிறது. எது நியாயமான அளவு, எது சொந்த உபயோகம் என்ற சந்தேகம் எழுந்தால் சுங்கத் துறை பிடித்துவைத்து மத்திய அரசின் முடிவுக்குக் காத்திருக்கலாம். அதனால் ஒரு துப்பாக்கி, அதற்குரிய தோட்டா, அவ்வளவோடு போங்கள். இந்தப் பிரிவை ஆங்கிலத்தில் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால், எந்த விதி என்று கேட்கும்போது தடுமாற வேண்டாம்.

சுங்கத்தில் மறக்கவே கூடாதது, திரும்பக் கொண்டுவருவதற்கான ஏற்றுமதிச் சான்று. துப்பாக்கியின் செய்பவர் பெயர், போர், எண் மூன்றும் அதில் ஏற வேண்டும். இது இல்லாமல் திரும்பினால் உங்கள் அப்பா வாங்கிய துப்பாக்கியே வெளிநாட்டில் புதிதாக வாங்கியதாகத் தோன்றும். பயணிகளுக்கான வரிவிலக்குத் துப்பாக்கிக்குக் கிடையாது. சான்று எழுதும் அலுவலர் துப்பாக்கியை நேரில் பார்க்க வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு யாராலும் எழுத முடியாது. அதனால் சுங்கம் முதலில், பெட்டி ஒப்படைப்பது பிறகு. நான்கு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

விமான நிறுவனத்திடம் டிக்கெட் எடுக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். நடுவில் வேறு நிறுவனத்தின் விமானம் ஏறினால் அவர்களிடமும் தனியாக. வளைகுடா வழியாகப் போகிறவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்: துபாய், தோஹா போன்ற இடங்களில் கடந்துபோகும் பெட்டிக்கும் முன் அனுமதி கேட்பார்கள். இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, நடுவில் பெட்டியை வாங்கித் திரும்பப் போடும் பயணம் வேண்டவே வேண்டாம். பெட்டி உங்கள் கைக்கு வந்த நிமிடம் அந்த நாட்டு அனுமதி இல்லாத துப்பாக்கி உங்களிடம் இருக்கிறது. இங்கே ஏறும் விமான நிலையத்திலிருந்து இறுதி ஊர் வரை ஒரே டிக்கெட், ஒரே டேக்.

பெட்டி கடினமான ஓடு கொண்டதாக, முறையான பூட்டுப் போட்டதாக இருக்க வேண்டும். இரட்டைக்குழலைக் குழல், முன்கட்டை, பின்கட்டை என்று கழற்றி வையுங்கள். ரைஃபிள் என்றால் போல்ட்டை (குழலின் பின்புறத்தை அடைக்கும் இரும்பை) கழற்றித் தனியாக. தோட்டா அதன் சொந்த அட்டைப் பெட்டியில், துப்பாக்கியிலிருந்து பிரித்து, விமான நிறுவனம் சொல்லும்படி. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி ஒருவருக்கு 5 கிலோ வரைதான், அதுவும் பெட்டி எடை சேர்த்து. அப்பா பங்கும் மகன் பங்கும் சேர்த்து ஒரே பெட்டியில் 10 கிலோ போட முடியாது. 32 கிராம் பால்ரஸ் (சின்ன ஈயக் குண்டுகள்) கொண்ட பன்னிரண்டு போர் தோட்டா 25 உள்ள பெட்டி சுமார் 1.1 முதல் 1.2 கிலோ வரும். நான்கு பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் தராசில் போட்டுப் பார்த்து எடையை எழுதி ஒட்டிவிட்டால் கவுன்டரில் பேச்சே எழாது. உரிமத்தில் எழுதிய தோட்டா எண்ணிக்கை இதைவிடக் குறைவு என்றால் அதுதான் உங்கள் அளவு.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கையோடு கொண்டுபோகும் பை, கோட்டு, கால்சட்டைப் பை எதிலும் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. காலித் தோட்டாவும் அப்படியே. சுடும் மைதானத்துக்கோ தோட்டத்துக்கோ எடுத்துப்போன பையை எவ்வளவு உதறினாலும் தையலுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். ஸ்கேனரில் அது தெரிந்தால், பெட்டியில் இருக்கும் அத்தனை அனுமதியும் அந்த ஒன்றுக்கு உதவாது. கைப்பையைப் புதிதாக வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் செலவு, அதோடு கவலை தீர்ந்தது.

போய்ச் சேரும் நாடு. அமெரிக்கா என்றால் விசாவில் போகிறவர், அங்கே துப்பாக்கிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஏ.டி.எஃப்-இன் படிவம் 6 என்.ஐ.ஏ போட்டு முன்கூட்டி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு அங்குள்ள ஏதேனும் ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமமோ போட்டி அழைப்போ வேண்டும். எனவே முதலில் வேட்டை உரிமம், பிறகுதான் படிவம். மூன்று மாதமாவது முன்னால் தொடங்குங்கள். கனடாவில் அந்நாட்டு மத்தியப் போலீஸின் ஆர்.சி.எம்.பி 5589 படிவம். கட்டணம் 25 கனடிய டாலர், 60 நாள் செல்லும். நிரப்பிக்கொண்டு போகலாம், கையெழுத்தை மட்டும் எல்லையில் அலுவலர் முன்தான் போட வேண்டும். நம் ஊரில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் இங்கே கெடுதல், திரும்ப எழுத வைப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அந்நாட்டுப் போலீஸின் எஸ்.ஏ.பி.எஸ் 520 படிவம். கறுப்பு மையில் நிரப்ப வேண்டும். கையெழுத்து அங்கும் அலுவலர் முன்தான். அழைத்த வேட்டைப் பண்ணையின் கடிதம், துப்பாக்கி எண்ணைக் குறிப்பிட்டு நீங்கள் எழுதிய விளக்கக் கடிதம், உரிமத்தின் சான்றளித்த நகல், பாஸ்போர்ட் நகல், திரும்பும் டிக்கெட் இவை கூட வேண்டும். அழைப்புக் கடிதத்திலும் பாஸ்போர்ட் பெயரே இருக்கட்டும்.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு யோசனை. வாழ்நாளில் ஒரே தடவை போகிறவர் என்றால் சொந்தத் துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டு, அங்கே பண்ணையில் வாடகைக்குத் தருவதை எடுத்துக்கொள்வதே நல்லது. அப்பா, தாத்தா கையில் இருந்த துப்பாக்கியோடு போக வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்கும், போட்டிக்குப் போகிறவர்களுக்கும்தான் இந்த அலைச்சல் தகும். விட்டுவிட்டுப் போகிறவர்கள் பீரோவில் வைத்துச் சாவியை உறவினரிடம் கொடுக்காதீர்கள். உரிமம் உங்கள் பெயருக்கு மட்டும்தான். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

அங்கே சட்டப்படி சுட்ட மானின் கொம்பையும் தோலையும் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். கொண்டுவராதீர்கள். இந்தியாவில் வேட்டை 1972 சட்டப்படி தடை; காட்டுவிலங்கு உறுப்புகளை நாட்டுக்குள் இறக்குவதற்கும் கடுமையான தடைகள் உண்டு. படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அங்கே கற்ற கையோடு இங்கே தோட்டத்தில் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று நினைப்பதும் தவறு. தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு 2025இல் வந்த ஏற்பாடும் வனத்துறையினருக்குத்தான். விவசாயி கையில் இருக்கும் உரிமத் துப்பாக்கிக்கு அது அனுமதி தரவில்லை.

திரும்பி வரும்போது சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில்தான் வர வேண்டும், பெட்டியில் ஒரு தோட்டாகூட மீதமில்லை என்றாலும். ஏற்றுமதிச் சான்று, உரிமம், துப்பாக்கி மூன்றையும் காட்டி எண்ணைச் சரிபார்க்க வைத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாங்கிய தோட்டாவில் மிச்சத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள். அது உங்கள் உரிமப் புத்தகத்தில் ஏறாத தோட்டா. இங்கிருந்து கொண்டுபோனதில் மிஞ்சியதை மட்டும் எண்ணிக் கொண்டுவந்து, எத்தனை போனது, எத்தனை திரும்பியது என்று தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த புதுப்பித்தலில் கேட்பார்கள். வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். பெங்களூரில் இறங்குகிறவர்கள் போகும்போது வாங்கிய எல்லை அனுமதியில் திரும்பும் தேதியும் இருக்கிறதா என்று விமானம் ஏறும் முன்பே பார்த்திருக்க வேண்டும். விமானம் ஒரு நாள் தாமதமானால் அந்த அனுமதி முடிந்திருக்கும். அதனால் மனுக் கொடுக்கும்போதே திரும்பும் தேதிக்குப் பின் நான்கைந்து நாள் கூட்டிக் கேளுங்கள்.